நேரில் அழைத்துக் கேட்கவும்

7

கப்பல் பாதுகாப்புத் துறையின் பதிவறை மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இரண்டாவது மாடியோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. மிச்சப் படிகளை ஏறி முடித்தபோது துரும்புக்கு மூச்சு வாங்கியது. பின்னால் வந்த ஊசிக்குச் சிரிப்பு வந்தது.

துரும்பு என்பது துப்பறிவாளரின் பட்டப்பெயர். "ஒரு துரும்பு கிடைச்சாப் போதும்" என்று எல்லா வழக்கிலும் சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் என்னவோ வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவருடைய உதவியாளருக்கு ஊசி என்று பெயர் வைத்தவர் அவரேதான். அவளோடு அரை மணி நேரம் பேசியவர்கள் யாரும் காரணம் கேட்டதில்லை.

"அண்ணே, பாதுகாப்புத் துறையில ஏறி வர்றதுக்கே பாதுகாப்பு இல்ல. இதுக்கு ஒரு மனு எழுதிப் போடுவோமா?"

"எழுது. யாரு படிக்கப் போறா?" என்றார் துரும்பு, நெற்றியைத் துடைத்துக்கொண்டே. விளையாட்டாகச் சொன்ன பேச்சு. அன்று சாயங்காலத்துக்குள் அது அவர் தொண்டையிலேயே சிக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியாது.

வழக்கு இதுதான். ஒரு சின்ன சரக்குக் கப்பல் மூழ்கிப்போனது. எட்டுப் பேரில் ஐந்து பேரை ஒரு மீன்பிடிப் படகு அள்ளிக்கொண்டு வந்தது. எஞ்சின்காரர், சுக்கான் பிடித்தவர், ஒரு இளம் மாலுமி, இந்த மூன்று பேர் திரும்பவில்லை. ஆபத்தில் தூக்கி எறிந்தால் தானாகக் காற்றடைத்து விரிய வேண்டிய உயிர்காப்பு மிதவை விரியவே இல்லை. பெட்டியாக விழுந்தது, பெட்டியாகவே முழுகியது.

ஏன் விரியவில்லை என்று விசாரணைக் கமிஷன் கேட்டது. கப்பல் கம்பெனியின் வக்கீல் பேச்சை வளர்க்காமல் ஒரே ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். செத்துப்போன எஞ்சின்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் இதே துறைக்கு எழுதிய கடிதம். வாராவாரம் மிதவைப் பெட்டியைத் தானே திறந்து பார்த்து மூடி வைப்பதாக அதில் இருந்தது. சீல் வைத்த பெட்டியை ஊழியரே பிரித்துக் கெடுத்திருக்கிறார், இதில் கம்பெனி என்ன செய்யும் என்று வக்கீல் கையை விரித்தார். கமிஷனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. செத்தவன் தலையில் பழியைப் போட்டால் எழுந்து மறுத்துப் பேச ஆள் கிடையாது, வேலையும் சுருக்கமாக முடியும்.

மறுநாள் காலையில் கமிஷனின் கடைசி அமர்வு. அதோடு மூன்று சாவுக்கும் எஞ்சின்காரர்தான் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். எஞ்சின்காரரின் மனைவி துரும்பைத் தேடி வந்தபோது நஷ்ட ஈட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வீட்டுக்காரர் யாரையும் கொல்லவில்லை என்று எழுதி வாங்கிக் கொடுத்தால் போதும் என்றாள். அதைக் கேட்ட நிமிஷத்திலிருந்துதான் ஊசி வழக்கத்தைவிட அதிகமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தாள்.

பதிவறை எழுத்தர் கோப்புகளுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. உயிர்காப்புச் சாதனங்களுக்கான வாராந்தரப் படிவத்தை மீண்டும் கொண்டுவர உத்தேசித்திருக்கிறார்களாம். அதை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும், அது சுமையா இல்லையா என்று பொதுமக்கள் தாராளமாகக் கருத்துச் சொல்லலாமாம். கீழே ஒரு பெட்டி. பெட்டிக்குள் யாரோ போட்ட பஸ் டிக்கெட் ஒன்று மட்டும் கிடந்தது.

மீண்டும் என்றால் முன்னே இருந்ததா என்று துரும்பு கேட்டார். எழுத்தர் உற்சாகமாகிவிட்டார். அவரிடம் யாரும் எதையும் கேட்டு நாளாகியிருக்கும் போலிருந்தது. இருந்ததாம். கப்பல்காரர்களுக்குக் காகித வேலை அதிகம் என்று புகார் வந்ததாம். ரத்து செய்யலாமா என்று இதே மாதிரி அறிவிப்பு ஒட்டிக் கருத்துக் கேட்டார்களாம். கடிதங்கள் வந்து குவிந்தனவாம். எல்லாவற்றையும் பரிசீலித்துத்தான் ரத்து செய்தார்களாம். சொல்லிக்கொண்டே ஒரு தடித்த கோப்பை இறக்கி வைத்து, அவர்கள் கேட்டு வந்த எஞ்சின்காரரின் கடிதத்தைத் தேடாமலே எடுத்துக் கொடுத்தார். வக்கீல் பார்த்துவிட்டு அந்த இடத்தில் ஒரு அடையாளச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

ஊசி அதைப் படமெடுத்துக்கொண்டு மெல்லிய குரலில் வாசித்தாள்.

'ஐயா, நான் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன். உயிர்காப்புச் சாதனங்களுக்கான வாராந்தரப் படிவம் எங்களுக்குப் பெரும் சுமை. வாராவாரம் மிதவைப் பெட்டியைத் திறந்து, மிதவைக்குக் காற்றடைத்து விரித்து, ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, காற்றை இறக்கி, மறுபடியும் மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் படிவத்தை நிரப்ப எனக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. ஆகவே படிவத்தை ரத்து செய்யுமாறு வேண்டுகிறேன். இதில் சந்தேகம் இருந்தால் என்னை நேரில் அழைத்துக் கேட்கவும்.'

கடிதத்தின் நெற்றியில் 'பரிசீலிக்கப்பட்டது' என்று ஊதா முத்திரை. பரிசீலித்தது யார் என்று ஊசி கேட்டாள். முத்திரை போடுவது நான்தான் என்று எழுத்தர் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"முத்திரை சரிங்க. படிக்கிறது யாரு?"

"எண்ணுவோம்மா. ரத்து வேணும்னு எத்தனை, வேணாம்னு எத்தனைன்னு. அப்புறம் அவங்க சொல்ற நேரத்தை எல்லாம் கூட்டி வகுத்து சராசரி எடுப்போம். அதுக்கே எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு."

படியிறங்கும்போது துரும்பு பேசவில்லை. பேசாமல் இருந்தால் அவர் எதையோ மென்றுகொண்டிருக்கிறார் என்று அர்த்தம். ஊசி பேசாமல் இருந்தால் அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு இடிக்குது. மூணு மணி நேரம் வீணாப் போகுதுன்னு அழற ஆளு, என்னை வந்து விசாரிங்கன்னு தானா கேப்பானா? இந்த ஆபீஸ்ல ஒருத்தரைக் கூப்பிட்டா காலையில வந்து சாயங்காலம் வரைக்கும் பெஞ்சைத் தேய்க்கணும். கப்பல்காரனுக்கு அது தெரியாதா?"

துரும்பு படியிலேயே நின்றார். "அதான். அதான் துரும்பு," என்றார்.

துறைமுகத்துக்குப் பின்னால் மிதவைகளைச் சரிபார்த்து சீல் வைத்துக் கொடுக்கிற பட்டறை ஒன்று இருந்தது. முதலாளி இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். உள்ளே, பளபளவென்று துடைத்த தரையில் ஆரஞ்சு நிற மிதவை ஒன்று பாதி மடிப்பில் கிடந்தது. நான்கு பேர் அதன் மேல் முழங்கால் போட்டு அழுத்த, ஒரு இயந்திரம் உள்ளேயிருந்த காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. காலையில் ஆரம்பித்தது, இன்னும் மடிந்து முடியவில்லை என்றார் முதலாளி.

துரும்பு கடிதத்தைக் காட்டினார். முதலாளி படித்தார். அடைத்து விரித்து என்ற இடத்தில் உதடு துடித்தது. மறுபடியும் மடித்து என்ற இடத்துக்கு வந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை எழுதியவன் மிதவையைக் கனவில்கூடப் பார்த்ததில்லை என்றார். ஒரு தடவை விரித்தால் உள்ளே இருக்கும் வாயுக் குப்பி தீர்ந்துவிடும். அதை மாற்றி, மடித்து, சீல் வைக்கக் கரையில் பட்டறைதான் வேண்டும். ஆடுகிற கப்பல் தளத்தில் ஒற்றை ஆள் செய்வது நடக்காத காரியம்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா என்று துரும்பு கேட்டார். முதலாளியின் முகத்தில் சிரிப்பு இருந்த இடம் தெரியவில்லை. அந்தக் கம்பெனி தன்னுடைய வாடிக்கை என்றார். அந்தக் கப்பலின் மிதவை கடைசியாக எப்போது இங்கே வந்தது என்று கேட்டதற்கு, வாடிக்கையாளர் விஷயத்தை வெளியே சொல்வது தொழில் தர்மம் இல்லை என்றார்.

"சிரிச்சதுக்கு மட்டும் ரசீது கிடையாது போல," என்றாள் ஊசி, வாசலைத் தாண்டியதும். எரிச்சல் ஒரு பக்கம் இருந்தாலும் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். கதை தெளிவாகிவிட்டது. கடிதத்தை எழுதியவனுக்கு மிதவை தெரியாது. எஞ்சின்காரருக்கு மிதவை தெரியும். ஆகவே எழுதியது எஞ்சின்காரர் இல்லை. கம்பெனி ஆபீசில் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து எவனோ கிறுக்கிய போலிக் கடிதம். கையெழுத்து வேறு என்று மனைவி ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு வக்கீலின் முகம் போகிற போக்கைப் பார்க்கலாம். போகிற வழியெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். துரும்பு ம் கொட்டினார். அது அவருடைய நம்பாத ம்.

எஞ்சின்காரரின் வீடு கப்பல் ஊழியர்கள் குடியிருக்கிற நான்கு மாடிக் கட்டடத்தில் இருந்தது. நடைவழியில் எதிரெதிராக இரண்டு கதவுகள். எதிர்க் கதவு சுக்கான்காரரின் வீடு. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் குறுக்கே ஒரு துணிக்கொடி கட்டியிருந்தார்கள். இப்போது அது நடுவில் வெட்டப்பட்டு, பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் தொங்கியது. கமிஷனில் அந்தக் கடிதத்தை வாசித்த அன்றைக்குச் சுக்கான்காரரின் மனைவி கத்தரிக்கோலோடு வந்து வெட்டினாளாம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், ஒரு வார்த்தை பேசாமல் வெட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள் என்று எஞ்சின்காரரின் மனைவி சொன்னாள். பிரசவத்துக்கு ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டவர்களாம். பிள்ளைகள் எந்த வீட்டில் சாப்பிட்டன என்று கணக்கே வைத்ததில்லையாம்.

ஊசி கடிதத்தின் படத்தை அவளிடம் நீட்டினாள். கமிஷனில் வாசிக்கக் கேட்டாளே தவிர, அதை அவள் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நெடுநேரம் பார்த்தாள். பிறகு விரலால் ஒரு எழுத்தைத் தொட்டாள்.

"இது அவர் எழுத்துதான்."

ஊசிக்குக் கட்டிய கோட்டை சரிந்து தலையில் விழுந்தது. நன்றாகப் பாருங்கள் என்று கெஞ்சுகிற குரலில் சொன்னாள். பார்க்கத் தேவையில்லை, அழுத்தி அழுத்தி எழுதிப் பின்பக்கம் தடம் விழுகிற எழுத்து, வேறு யாருக்கும் வராது என்றாள் அவள். அப்படியானால் அவர்தான் பெட்டியைத் திறந்தாரா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் பணம் கொடுத்து இவர்களைக் கூப்பிட்டோமா என்பதுபோல இரண்டு பேரையும் பார்த்தாள். ஊசி தரையைப் பார்த்தாள்.

துரும்பு மட்டும் நிதானமாக, அந்தச் சமயத்தில் அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார். அவள் யோசித்தாள். ஒரு நாள் கரைக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார், கேட்டதற்கு, இன்றைக்கு ஒரு பொய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன் என்றார், அதற்கு மேல் தான் கேட்கவில்லை என்றாள். கேட்டிருக்க வேண்டும் என்பதை மூன்று தடவை சொன்னாள். வேறு யாருக்குத் தெரியும் என்றதற்கு, சமையல்காரருக்குத் தெரியலாம், உயிரோடு திரும்பியவர், தன்னைக் கண்டால் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறார் என்றாள்.

கப்பல் சமையல்காரர் இப்போது ஒரு மருத்துவமனை கேன்டீனில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இனிமேல் கடலில் ஏறுவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் போல. தனக்கு எதுவும் தெரியாது என்று ஆரம்பித்தார். எந்தக் கடிதமும் தெரியாது, மிதவையும் தெரியாது, அடுப்படி மட்டும்தான் தெரியும் என்றார். துரும்பு எதிர்வாதம் செய்யவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்து, அது தாங்குமா என்று பார்த்து, தாங்காது என்று நின்றுகொண்டே கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என்னை நேர்ல கூப்பிட்டுக் கேளுங்கன்னு அவரு ஏன் எழுதினாரு?"

கத்தி நின்றது. சமையல்காரர் முன்கையால் கண்ணைத் துடைத்தார். வெங்காயம் என்று ஏதாவது சொல்லலாமா என்று ஊசிக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

பிறகு அவர் சொன்னார். அந்த வாராந்தரப் படிவத்தில் ஐந்தாறு கேள்விகள்தான். அதில் ஒன்று, மிதவைப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தேதி என்ன என்பது. அடுத்து எந்தத் தேதிக்குள் பட்டறைக்கு அனுப்ப வேண்டும் என்று அந்தச் சீட்டில் இருக்கும். அதைப் பார்த்து எழுத ஐந்து நிமிஷம் ஆகாது. ஆனால் தேதி தாண்டினால் படிவமே காட்டிக்கொடுத்துவிடும், துறைமுகத்தில் கப்பலை நிறுத்திவிடுவார்கள். கம்பெனிக்கு அதுதான் குடைச்சல். ரத்து செய்யலாமா என்று துறை கேட்டதும் மேனேஜர் கப்பலுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு அறையில் எல்லோரையும் உட்கார வைத்து, ரத்து செய்யச் சொல்லி ஆளுக்கொரு கடிதம் எழுதச் சொன்னார். அவரவர் கையெழுத்தில், அவரவர் வார்த்தையில், ஒன்று மாதிரி ஒன்று இருக்கக் கூடாது, நேரம் எக்கச்சக்கமாக இருக்க வேண்டும். எழுதாதவன் அடுத்த பயணத்துக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

மேனேஜர் போன் பேச வெளியே போனார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எஞ்சின்காரர் பேசினார். அதைச் சொல்லும்போது சமையல்காரரின் குரல் மாறிப்போனது.

"எழுதுவோம்னாரு. ஆனா கப்பல் தெரிஞ்ச எவனும் நம்ப முடியாத மாதிரி எழுதுவோம். மேனேஜருக்கு மிதவையும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது, தலையாட்டிட்டு வாங்கிட்டுப் போவான். ஆனா அந்த ஆபீஸ்ல கப்பல் தெரிஞ்சவன் ஒருத்தனாவது இருப்பான். படிச்சதும் சிரிப்பான். என்னடா இவனுங்க இப்படி எழுதியிருக்கானுங்கன்னு கூப்பிடுவான். என்னை நேர்ல கூப்பிட்டுக் கேளுங்கன்னு எல்லாரும் கடைசியில ஒரு வரி போட்டுடுவோம். கூப்பிட்டா போதும், மேனேஜர் இல்லாத இடத்துல எல்லாத்தையும் சொல்லிடலாம்னாரு."

"கூப்பிட்டாங்களா?" என்று கேட்ட பிறகுதான் ஊசிக்குத் தன் கேள்வியின் அபத்தம் உறைத்தது.

"அவரும் அதையேதான் கேட்டுட்டு இருந்தாரு. ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும், கூப்பிட்டாங்களா, யாரையாவது கூப்பிட்டாங்களான்னு. அப்புறம் ஒரு நாள் படிவத்தை ரத்து பண்ணியாச்சுன்னு ஆர்டர் வந்துச்சு. அதுக்கப்புறம் அவரு கேக்கல."

மிதவைப் பெட்டியின் தேதி தாண்டியது. பட்டறைக்கு யாரும் அனுப்பவில்லை. தேதியை எழுதக் காகிதம் இல்லாததால் அந்தத் தேதியே இல்லாமல் போனது. இதையெல்லாம் கமிஷனில் ஏன் சொல்லவில்லை என்று ஊசி கேட்டாள், கொஞ்சம் சூடாகவே. சமையல்காரர் அவளைப் பார்த்தார். என் கடிதமும் அந்தக் கோப்பில்தானே இருக்கிறது என்றார். வாயைத் திறந்தால், நீ எதைக் கெடுத்தாய் என்று அதையும் எடுத்து நீட்டுவார்கள். வீட்டில் படுத்த படுக்கையாக மாமியார், கைக்குழந்தையோடு மகள். செத்தவருக்கு இனி ஒன்றும் ஆகாது, இருக்கிறவர்களைப் பார்க்க வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லித்தான் தினமும் தூங்கப் போகிறாராம். தூக்கம் வருகிறதா என்று துரும்பு கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"நீங்க என்ன எழுதினீங்க?"

சமையல்காரர் முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. ஆபத்தில் கையில் பிடித்துக் கொளுத்துகிற சிவப்பு வெளிச்சக் குச்சிகள் கப்பலில் உண்டு. அவற்றை வாராவாரம் ஒவ்வொன்றாகக் கொளுத்திப் பார்த்து, ஊதி அணைத்து, துடைத்துத் திருப்பி வைப்பதாக எழுதினாராம். ஒரு தடவை கொளுத்தினால் அது எரிந்து தீர்ந்தால்தான் உண்டு. ஊதினால் அணையாது. தண்ணீருக்குள் முக்கினால்கூட எரியும்.

துரும்பின் கண் சுருங்கியது.

"மீன்பிடிப் படகு உங்களை எப்படிக் கண்டுபிடிச்சுது?"

"அந்தக் குச்சிங்கதான். இருட்டுல, தண்ணியில மிதந்துட்டே கொளுத்தினேன். ஒண்ணு விடாம எல்லாமே பத்திச்சு."

ஊசிக்கு மெல்லச் சிலிர்த்தது. படகுக்காரர்கள் தூரத்தில் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து வந்தார்கள் என்று கமிஷனின் இடைக்கால அறிக்கையிலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில். சமையல்காரர் எழுதியது உண்மையென்றால் குச்சிகள் எப்போதோ எரிந்து தீர்ந்திருக்க வேண்டும், ஐந்து பேரும் கடலோடு போயிருக்க வேண்டும். அவர் எழுதியது பொய்யென்றால், அதே மேஜையில், அதே நாளில், அதே கடைசி வரியோடு எழுதிய எஞ்சின்காரரின் கடிதம் மட்டும் எப்படி வாக்குமூலம் ஆகும்?

"அண்ணே, நம்பினா எட்டையும் நம்பணும். இல்லன்னா ஒண்ணையும் நம்பக் கூடாது," என்றாள்.

துரும்பு கடிகாரத்தைப் பார்த்தார். பதிவறை மூட இன்னும் நேரம் இருந்தது. நாளைக்கு வருவீர்களா என்று சமையல்காரரிடம் கேட்டார். நாளைக்குக் காலை ஷிஃப்ட் என்றார் சமையல்காரர், கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு. அவர்கள் வாசலைத் தாண்டும்வரை நறுக்குகிற சத்தம் கேட்கவில்லை.

எஞ்சின்காரரின் மனைவியை நேராகப் பதிவறைக்கே வரச்சொன்னார்கள். இந்தத் தடவை துரும்பு மூன்று மாடியையும் நிற்காமல் ஏறினார். கோப்பைப் பிரித்து அந்தக் கப்பலின் எட்டுக் கடிதங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார்கள். எட்டிலும் அதே ஊதா முத்திரை. எட்டிலும் அதே கடைசி வரி.

கேப்டன், எல்லோரும் வாராவாரம் நடுக்கடலில் குதித்து லைஃப் ஜாக்கெட் மிதக்கிறதா என்று சோதித்து ஏறி வர அரை நாள் ஆகிறது என்று எழுதியிருந்தார். செத்துப்போன இளம் மாலுமி, மிதவைக்குள் வைத்திருக்கும் அவசரகாலப் பிஸ்கட்டில் வாரம் ஒன்றைத் தின்று ருசி மாறியிருக்கிறதா என்று பார்ப்பதாக எழுதியிருந்தான். சுக்கான்காரர், ஆபத்து ராக்கெட்டை வானத்தில் சுட்டுவிட்டு, அது விழுந்த இடத்துக்குப் படகில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து பழையபடி வைக்க நான்கு மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தார்.

எஞ்சின்காரரின் மனைவி அதைப் படித்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். இந்த அண்ணன் எப்போதும் இப்படித்தான், எதையும் பெரிசாக்கித்தான் சொல்லுவார் என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், நெடுநேரம் அழுதாள். ஊசி அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

துரும்பு பார்வையாளர் பதிவைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருஷத்தில் இந்தக் கோப்பைப் பார்க்க வந்த ஒரே ஆள் கம்பெனி வக்கீல். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் வந்து உட்கார்ந்திருக்கிறார். நகல் வாங்கியது ஒரே ஒரு கடிதத்துக்கு.

"எட்டையும் படிச்சிருக்கான்," என்றார் துரும்பு. "மத்த ஏழையும் படிச்சதாலதான் இதை மட்டும் எடுத்துட்டுப் போயிருக்கான். இவங்க எழுதினதை ஒழுங்காப் படிச்ச ஒரே ஆளு அவன்தான்."

எழுத்தர் ஒவ்வொரு கடிதமாக எட்டிப் பார்த்தார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. நான் கப்பலிலேயே ஏறியதில்லையே என்றார், யாரும் கேட்காமலே. நேரங்களைக் கூட்டினோம், வகுத்தோம், சராசரி வந்தது, மேலே அனுப்பினோம், மேலே இருப்பவர்களும் சராசரியைத்தான் பார்ப்பார்கள் என்றார். ஊசியிடம் அதற்கு நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல்லி என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டாள். காலையில் படியில் பேசிய பேச்சு நினைவுக்கு வந்ததோ என்னவோ, துரும்பும் தொண்டையைச் செருமிக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எட்டுக் கடிதங்களுக்கும் நகல் கேட்டார்கள். எழுத்தர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக் கொடுத்தார். எஞ்சின்காரரின் மனைவி சுக்கான்காரரின் கடிதத்துக்கு மட்டும் இன்னொரு நகல் வேண்டும் என்றாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அதை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"எதிர்வீட்டுக் கதவுக்கடியில போடணும். அவளும் சிரிக்கட்டும்," என்றாள்.

கிளம்புகிற நேரத்தில் அவள் கண் சுவரில் இருந்த அறிவிப்பின் மேல் விழுந்தது. நின்று முழுசாகப் படித்தாள். படிவத்தைத் திரும்பக் கொண்டுவரப் போகிறார்களா என்று கேட்டாள். ஆமாம், மக்கள் கருத்தைக் கேட்டிருக்கிறோம் என்றார் எழுத்தர், தலையை நிமிர்த்தாமல். கப்பல் கம்பெனிகள் நாளைக்கே எழுதி அனுப்பிவிடும் என்றாள் ஊசி. நிறைய அனுப்பும் என்றார் துரும்பு.

எஞ்சின்காரரின் மனைவி ஒரு காகிதம் கேட்டு வாங்கினாள். நின்றபடியே, மேஜையில் அழுத்தி அழுத்தி எழுதினாள். இரண்டு வரிதான். எழுதியதைப் பெட்டியில் போடாமல் எழுத்தரிடம் நேராக நீட்டினாள்.

எழுத்தர் வாங்கினார். வருஷக்கணக்கான பழக்கம், அவருடைய வலது கை தானாக முத்திரைப் பக்கம் போனது. அவள் அந்தக் காகிதத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள்.

"முத்திரை அப்புறம். முதல்ல படிங்க. எனக்குக் கேக்கற மாதிரி படிங்க."

எழுத்தர் துரும்பைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். இரண்டு பேரும் அவரைக் காப்பாற்ற வரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அவள் கையை எடுத்தாள். அவர் முதலில் மெதுவாக ஆரம்பித்து, அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்து, குரலை உயர்த்தி வாசித்தார்.

"இந்தப் படிவத்தை நிரப்ப ஐந்து நிமிஷம் ஆகும். சந்தேகம் இருந்தால் என் வீட்டுக்காரரை நேரில் அழைத்துக் கேட்கவும்."